பொன்னாடை வேண்டாம், பேசின காசைத் தாங்கோ

மூன்று மாதமாக நாங்கள் உப்புவெளியிலும் அதைச் சுற்றியும் கலைஞர்களோடு கதைத்துக்கொண்டு திரிந்தோம். ஒரு தவில்காரர், ஒரு நடன ரீச்சர், கடற்கரை ஹோட்டல்களில் தாளம் அடிக்கிற ஒரு பெடியன், மேடை நாடகம் போடுகிற இரண்டு பேர், வெருகல் பக்கத்திலிருந்து வந்துபோகிற ஓர் அண்ணாவியார். எல்லாரிடமும் கேட்பதற்கு ஒரே கேள்விப் பட்டியலைத்தான் வைத்திருந்தோம். முதல் கேள்வி: "ஆற்றுகைக் கலைகளின் பெறுமதி என்ன?" அதை எழுதும்போது எங்களுக்குப் பெரிய பெருமை. நல்ல கேள்வி எண்டு நினைச்சம்.

தவில்கார அண்ணை அந்தக் கேள்வியை முழுக்கக் கேட்டார். அன்று விடியப்புறம் ஒரு கலியாண வீட்டில் வாசித்துவிட்டு வந்திருந்தார். விரல் கூடுகளை ஒவ்வொன்றாக ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினார். பிறகு கேட்டார்: "தம்பியவை, இதைச் சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஒரு மணித்தியாலம் அண்ணை."

"அதுக்கு ஏதும் தருவீங்களோ?"

பகிடியாகத்தான் கேட்டார். நாங்களும் சிரித்தோம். ஆனால் திரும்பி வரும்போது நிலாவெளி வீதியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் கொண்டுபோனது ஒரு பிஸ்கற் பெட்டி. கலையின் பெறுமதியைப் பற்றி ஒரு தொழில்முறைக் கலைஞரிடம் கேட்கப் போனவர்கள், அவருடைய ஒரு மணித்தியாலத்துக்கு நாங்களே என்ன பெறுமதி வைத்தோம் என்பதை அந்தப் பெட்டி சொல்லிவிட்டது.

எனவே திட்டமிட்ட நேர்காணல் தொடருக்கு முன்னால் இந்தக் கட்டுரை வருகிறது. இதில் நாங்கள் திட்டுகிற ஆக்களில் முதல் ஆள் நாங்கள்தான்.

எங்கட கணக்குக் கொப்பி

போன வருடம் நாங்கள் ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தோம். பாட்டு, ஒரு நடனம், ஒரு குறுநாடகம். கணக்குக் கொப்பியை எடுத்துத் திரும்பப் பார்த்தோம். சவுண்ட்ஸ்காரருக்குப் பேசின காசு முழுக்க. பந்தலுக்கும் கதிரைக்கும் முற்பணம், மிச்சம் நிகழ்ச்சி முடிந்த கையோடு. பனர் அச்சடித்த கடைக்கு. வீடியோ எடுத்தவருக்கு. ரோல்ஸுக்கும் பிளேன்ரீக்கும். மண்டபத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது. கடைசி வரியில் "கலைஞர்கள்" என்று எழுதி, அதற்கு நேரே "அன்பளிப்பு: பொன்னாடை" என்று இருக்கிறது.

இதில் பொன்னாடைக் கடைக்காரருக்குக்கூடக் காசு கொடுத்திருக்கிறோம். அந்தப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு போன பாட்டுக்காரருக்குக் கொடுக்கவில்லை.

அவரிடம் என்ன சொல்லி வரச்சொன்னோம் என்பதும் வட்ஸ்அப்பில் இருக்கிறது. "அண்ணா, எங்கட பெடியள் செய்யிற நிகழ்ச்சிதானே." "அண்ணா, நல்ல கூட்டம் வரும், பேர் கிடைக்கும்." "பட்ஜெட் சரியான குறைவு அண்ணா." சவுண்ட்ஸ்காரரிடம் இந்த மூன்றில் ஒன்றையும் நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பொக்ஸை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்.

இதை வாசிக்கிற நீங்கள் ஒரு பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்திலோ, சனசமூக நிலையத்திலோ, கோயில் திருவிழா உபயத்திலோ, கம்பஸ் கலை விழாக் குழுவிலோ இருந்திருந்தால் உங்கட கொப்பியையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. கடைசி வரி என்ன சொல்கிறது?

"கலை தெய்வீகம், காசு கேட்கலாமோ?"

இந்தக் கேள்வியை வயது வந்தவர்கள் கேட்பார்கள். கோணேசர் மலைக்குக் கீழே வாழ்ந்துகொண்டு கேட்பதுதான் வேடிக்கை. சுவாமி மலையில் இராவணன் வெட்டைக் காட்டாமல் எந்த உறவினரையும் நாங்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பியதில்லை. அந்த இராவணனின் கதை என்ன? மலைக்குக் கீழே அகப்பட்டவன் தன் தலையையும் கையையும் நரம்பையும் கொண்டு வீணை செய்து சாமகானம் பாடினான். சிவன் மனம் இரங்கினார். இரங்கினதோடு விடவில்லை, வாளும் நீண்ட ஆயுளும் கொடுத்து அனுப்பினார். கேட்டு இரசித்தவர் கொடுத்தார். எங்கட ஊர்க் கதையின்படி முதல் சன்மானம் தந்தவர் கோணேசர்தான்.

திருக்கோணமலைக்குப் பதிகம் பாடிய சம்பந்தரின் கதை இன்னும் நேரடியானது. திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் அடியாருக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாளொன்றுக்கு ஒரு காசு இறைவன் வைத்தார் என்பது புராணம். சம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்றப்போனால் வட்டம் கழிந்தது. அவர் "இறைவன் தந்தது, பரவாயில்லை" என்று இருந்தாரா? மாற்றுக் குறையாத காசாகத் தரச்சொல்லி அதற்கும் ஒரு பதிகம் பாடினார். நல்ல காசு வந்தது. தேவாரம் பாடியவர் காசின் தரம் பற்றிப் பேசலாமாம். நாதஸ்வரக்காரர் தொகை பற்றிப் பேசினால் மட்டும் "இவருக்குக் காசுப் பைத்தியம்" என்கிறோம்.

புராணம் வேண்டாம், கல்வெட்டு வேண்டும் என்பவர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் இராஜராஜன் அங்கே குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவரின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாம் வீடு என்பதும் கல்லில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு வருடத்துக்கு 100 கலம் நெல். அதைப் பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அரசன் ஆணைக்குக் கட்டுப்பட்டு ஊர் ஊராகப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள் அவர்கள். ஆனால் ஆடுகிறவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்ற அளவு அறிவு அந்த அரசுக்கு இருந்தது. எங்கட விழாக்குழுக்களுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

இன்னொன்று. எங்கட மேடைகளில் ஊர் ஊராக விடிய விடியப் பார்த்து அழுத கதை எது? அரிச்சந்திர மயான காண்டம். நடிகமணி வி. வி. வைரமுத்து அதை ஆயிரக்கணக்கான தடவை ஆடினார் என்று யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்கிறார்கள். அந்தக் காண்டத்தில் நடப்பது என்ன? சுடலை காக்கிறவன், இறந்து கிடப்பது தன் சொந்தப் பிள்ளை என்று தெரிந்த பிறகும், தன் மனைவியிடம் சுடலைக் கூலி கேட்கிறான். முழத்துண்டும் கால்பணமும் வைக்காமல் எரிக்க முடியாது என்கிறான். கூலி என்பது கொடுத்தே ஆகவேண்டியது என்பதற்கு இதைவிடக் கொடூரமான கதை எங்களிடம் இல்லை. அதைப் பார்த்து விம்மி அழுதுவிட்டு, அரிச்சந்திரனாக ஆடினவருக்கு ஒரு மாலையைப் போட்டு பஸ் ஏற்றி விடுகிறோம்.

இரண்டு மணித்தியாலம் எண்டால் எத்தனை மணித்தியாலம்?

நடன ரீச்சர் எங்களுக்கு ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். மேடையில் ஓர் உருப்படி பன்னிரண்டு நிமிடம். அதற்கு ஆறு கிழமைப் பயிற்சி. பக்கவாத்தியத்தோடு இரண்டு ஒத்திகை. உடுப்பு, நகை, பூ, மேக்கப். இரவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வர ஒரு வான். இந்த வான் காசைத் தாய்தகப்பன்மார் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதாவது, ஆடுகிற ஆக்களே காசு கட்டி ஆடுகிறார்கள். கூப்பிட்டவர் "பிள்ளையளுக்கு மேடை அனுபவம்தானே ரீச்சர்" என்றாராம்.

பொருளியல் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு பெயர்: வில்லியம் போமோல். 1966இல் வில்லியம் போவென் என்பவரோடு சேர்ந்து ஆற்றுகைக் கலைகளின் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர்கள் சொன்னது இலகுவான விடயம். நால்வர் சேர்ந்து வாசிக்கிற ஒரு பேத்தோவன் இசைக்கோவைக்கு இருநூறு வருடத்துக்கு முன் எத்தனை பேரும் எவ்வளவு நேரமும் தேவைப்பட்டதோ, இன்றைக்கும் அதேதான் தேவை. சட்டை தைக்க முன்னர் பிடித்த நேரம் இப்போது பிடிக்காது, மெஷின் வந்துவிட்டது. வாசிப்பை அப்படிச் சுருக்க முடியாது. மற்ற எல்லாத் தொழிலிலும் ஒரு ஆளின் உற்பத்தி கூடிக் கூலியும் கூடுகிறது. அரிசி விலையும் வாடகையும் அதோடு கூடுகின்றன. கலைஞரும் அதே கடையில்தான் அரிசி வாங்குகிறார். ஆகவே நேரடிக் கலை காலம் போகப்போகச் செலவு கூடினதாகத்தான் இருக்கும். அதற்குக் கலைஞரின் சோம்பலோ பேராசையோ காரணமில்லை.

தவிலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கோ. ஒரு மல்லாரியை இரட்டை வேகத்தில் வாசித்து அரைவாசி நேரத்தில் முடித்தால் அது மல்லாரி இல்லை. நான்கு பேர் வாசிக்க வேண்டியதை ஒருவர் வாசிக்க முடியாது. அளவெட்டி வி. தெட்சணாமூர்த்தி தவிலில் பெரிய மேதை என்பது எங்கட எல்லாருக்கும் பெருமை. 1975இல், நாற்பத்திரண்டு வயதுகூட நிறையாமல் போய்விட்டார். அவர் கையில் வந்ததும் இன்று உப்புவெளியில் ஒரு சின்னக் கோயிலில் வாசிக்கிறவர் கையில் வருவதும் வருடக்கணக்கில் விடியப்புறம் எழும்பிச் செய்த சாதகத்தால் வந்தவை. அந்த வருடங்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. வாசிக்கிற இரண்டு மணித்தியாலத்தில்தான் அதைச் சேர்த்து எடுக்க வேண்டும்.

அதற்குள் பருவமும் உண்டு. இந்தக் கரையில் வெள்ளைக்காரர் வருகிற காலம் மே தொடக்கம் செப்ரெம்பர் வரை. கோயில் திருவிழாக்கள் பங்குனியில் தொடங்கி ஆவணி வரை. ஐப்பசி மழையோடு கடலும் கொந்தளிக்கும். ஹோட்டல்காரர் கதிரையை அடுக்கி வைப்பார்கள். மார்கழியில் கலியாணமும் இல்லை. மீன்பிடிக்கிறவர்களுக்கும் அது கஷ்ட காலந்தான். 2019 ஏப்ரலில் குண்டு வெடித்த பிறகும், 2020இல் கொரோனாவிலும், 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோதும் முதலில் நின்றது மேளம், கடைசியாகத் தொடங்கினதும் மேளம். தவில்கார அண்ணையின் மகன் அந்த வரிசைக் காலத்தில்தான் கட்டாருக்குப் போனான். வாசிக்கத் தெரிந்த பெடியன். இப்ப அங்க வாகனம் ஓட்டுறான்.

யார் யார் எப்படிக் கொடுக்காமல் விடுகிறார்கள்

அரசாங்கத்திலிருந்து தொடங்குவோம். இந்த நாட்டின் சட்டம் ஆற்றுகையை முதலில் பார்த்தது சந்தேகக் கண்ணோடு. 1912ஆம் ஆண்டின் பகிரங்க நிகழ்ச்சிகள் கட்டளைச் சட்டம், நாடகம் மேடையேற முன் அனுமதி எடுக்க வைத்தது. 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம், நுழைவுச் சீட்டில் வரி எடுக்க வைத்தது. கட்டுப்படுத்தவும் வரி எடுக்கவும் சட்டம் வந்தாயிற்று. தொழிலாளியாக மதிக்க? 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஒரு கடைச் சிப்பந்திக்கு முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும், சிப்பந்தி 8 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். கடைசிக் காலத்தில் கையில் ஏதோ மிஞ்சும். கலியாணத்துக்குக் கலியாணம், கோயிலுக்குக் கோயில் முதலாளி மாறுகிற மேளகாரருக்கு யார் கட்டுவது?

அவருக்கு இருப்பது கலாபூஷணம். அறுபது வயது தாண்டின பிறகு, விண்ணப்பம் போட்டு, ஐம்பது வருடம் செய்த வேலைக்குப் பத்திரிகைத் துண்டுகளும் சான்றிதழ்களும் இணைத்து வாங்குகிற விருது. விருது வாங்கினவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் முப்பது வயதில் வாடகை கட்ட முடியாமல் தொழிலை விட்டவருக்கு அறுபதில் எந்த விருதும் இல்லை.

அடுத்தது தன்னார்வ நிறுவனங்கள். சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் இந்த மாவட்டத்தில் எவ்வளவு விழிப்புணர்வு நாடகம் நடந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கண்ணிவெடி, டெங்கு, இளவயதுத் திருமணம், சமாதானம், நல்லிணக்கம். நாடகக்கார நண்பர்கள் இரண்டு பேரும் இதில் வாழ்ந்தவர்கள். பெரும்பாலும் காசு கிடைத்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் காசு தருகிறவர் ஒவ்வொரு முறையும் கேட்டது, "இதால என்ன மாற்றம் வரும்?" பாடலால் எத்தனை பேர் கை கழுவுவார்கள், கூத்தால் எத்தனை பேர் சமாதானமாவார்கள் என்று படிவம் நிரப்பி நிரப்பி, தங்கள் சொந்தக் கதையைப் போடுவது எப்படி என்பதே மறந்துபோச்சு என்றார் ஒருவர். எங்கட கேள்விப் பட்டியலின் முதல் கேள்வி அந்தப் படிவத்தின் பிள்ளைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. மேசனிடம் "கட்டடக் கலையின் பெறுமதி என்ன?" என்று கேட்டுவிட்டா கூலி கொடுக்கிறோம்? சுவர் கட்டினால் நாட்கூலி. பெறுமதி பற்றிய விவாதம் நல்ல விவாதம். அது முடியும்வரை கூலியை நிறுத்தி வைக்கக் கூடாது.

மூன்றாவது ஹோட்டல். தாளம் அடிக்கிற தம்பி சொன்னது இது. வெளிநாட்டுக்காரர் இரவுச் சாப்பாடு சாப்பிடும்போது "உள்ளூர்க் கலாசார நிகழ்ச்சி". அவர் பேசுகிற இடங்களில் இரண்டு விதம். சில இடங்களில் பேசின தொகை, பேசின நேரம். சில இடங்களில் இரவுச் சாப்பாடும் விருந்தினர் விரும்பினால் தருகிற ரிப்ஸும். அந்த மேசைக்கு மீன் கொண்டுவருகிற வெயிற்றர் தம்பிக்குச் சம்பளமும் ரிப்ஸும் உண்டு. மேசைக்கு மேளம் கொண்டு வருகிற இவருக்கு ரிப்ஸ் மட்டும்.

"கூத்து காசுக்கு ஆடினதோ?"

எதிர்வாதங்களில் இதுதான் கனமானது. அண்ணாவியார் ஐயாவே இதை எங்களுக்கு எடுத்துப் போட்டார். கூத்துக்கு நாள் வைத்து, சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து, களரியில் அரங்கேற்றி முடிய விடிந்துவிடும். ஆடுகிறவர்கள் வயலிலும் கடலிலும் வேலை செய்கிற ஆக்கள். ஒருவருக்கும் சம்பளமில்லை. காசு என்று வந்தால் ஊர் பிரிந்துவிடும் என்றார்.

நாங்கள் இதை ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் அந்தக் கூத்தின் கணக்கை முழுக்கப் பார்க்க வேண்டும். களரி போட ஊர் தடி வெட்டியது. உடுப்புக்கு ஊர் காசு சேர்த்தது. பழக்கின அண்ணாவியாருக்குச் சன்மானம் இருந்தது. அரங்கேற்றத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடினால் ஒவ்வொரு வீடும் தன் கையில் உள்ளதைக் கொடுத்தது. இன்று நீ ஆடினால் நாளை உன் வயலில் நான் இறங்குவேன். உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வலை கரைக்கு வந்ததும் வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, கயிறு பிடித்த ஒவ்வொரு கைக்கும் பங்கு. அதில் சம்பளப் பட்டியல் கிடையாது. அதற்காகக் கயிறு பிடித்தவன் வெறுங்கையோடு போனதும் கிடையாது.

இப்போது அதே கூத்தைக் களரியிலிருந்து எடுத்து, நாற்பது நிமிடமாக வெட்டி, பனருக்கு முன்னால், அனுசரணையாளர் பெயரோடு, அதிதிகள் உரைக்கு இடையில் போடுகிறோம். வீடியோ ஃபேஸ்புக்கில் போகிறது, அனுசரணையாளருக்கு விளம்பரம், ஏற்பாட்டாளருக்கு அறிக்கையில் ஒரு பக்கம். நிகழ்ச்சி காசுப் பொருளாதாரத்துக்குள் வந்துவிட்டது. ஆடுகிறவருக்கு மட்டும் "இது பாரம்பரியம், காசுக்கு ஆடுவதில்லை" என்கிறோம். வலையைப் புது முதலாளி எடுத்துக்கொண்டு, கயிறு பிடித்தவரிடம் "பழைய முறைப்படி அன்புக்கு இழுங்கோ" என்று சொல்வது போன்றது இது. ஊர் கூத்தை ஊர் முறைப்படி ஆடட்டும். அதற்குள் நாங்கள் விலைப்பட்டியலைக் கொண்டுபோகப் போவதில்லை. அனுசரணை வாங்கின மேடையில் ஆட்டுவிக்கிறவர் அந்த அனுசரணையில் பங்கு கொடுக்கட்டும்.

1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' போட்டதும், அதைத் தொடர்ந்து 'இராவணேசன்' வந்ததும் கூத்துக்குப் படித்தவர்கள் மத்தியில் மரியாதை தேடித் தந்தன. அது பெரிய காரியம். ஆனால் அந்த மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கிய வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் பெயரை எங்கட வயதில் எத்தனை பேர் அறிவோம்? மரியாதைகூட மேலிருந்து கீழே வரும்போது வழியில் குறைந்துவிடுகிறது, கொமிஷன் போல.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்கவும் ஏலாது. பறை அடித்தவர்களுக்கு ஊர் எப்போதும் ஏதோ கொடுத்தது. நெல், சாராயம், பழைய வேட்டி, சில்லறை. அது எப்படிக் கொடுக்கப்பட்டது, எங்கே நிற்கவைத்துக் கொடுக்கப்பட்டது என்பதுதான் பிரச்சினை. மறுக்க முடியாத வேலைக்கு, கொடுக்கிறவன் நினைத்ததைக் கொடுப்பது கூலி ஆகாது. அதனால்தான் பல குடும்பங்களில் பிள்ளைகள் மேளத்தைத் தொடமாட்டோம் என்று விட்டார்கள். அவர்கள் விட்டது சரி. "கலை அழியுது" என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. அடிக்க விரும்புகிறவர் தன் தொகையைச் சொல்லி, நேரத்தைச் சொல்லி, பிடிக்காவிட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலைதான் பழைய முறையை முறிக்கும். "அன்பளிப்பு" என்ற சொல்லை நாங்கள் வெறுப்பதற்கு இதுவும் காரணம். அன்பளிப்பில் தொகையைத் தீர்மானிப்பது எப்போதும் கொடுக்கிறவன்.

வேறு இடங்களில்

"உலகம் முழுக்கக் கலைஞர் பாடு இதுதான்" என்று சொல்லித் தப்ப முடியாது. பிரான்சில் விட்டு விட்டு வேலை செய்கிற மேடை, திரைக் கலைஞர்களுக்கும் தொழில்நுட்பக்காரர்களுக்கும் தனியான வேலையிழப்புக் கொடுப்பனவு முறை 1936இலிருந்து இருக்கிறது. இப்போதைய விதிப்படி 12 மாதத்தில் 507 மணித்தியாலம் வேலை செய்ததாகக் காட்டினால் வேலையில்லாத நாளுக்கும் ஏதோ கிடைக்கும். அது தானாக நிலைக்கவில்லை. 2003இல் அந்த விதிகளை இறுக்கப் பார்த்தபோது கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகப் புகழ் பெற்ற அவிஞோன் நாடக விழாவே அந்த வருடம் நடக்கவில்லை. அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களைத் தெரிந்து கிழமைக்கு 325 யூரோ அடிப்படை வருமானம் கொடுத்துப் பரீட்சித்தது. அவை பணக்கார நாடுகள் என்பீர்கள். தமிழ்நாட்டில் 2007இலிருந்து நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அதிலும் குறைகள் இருக்கும். ஆனால் அதற்கு அங்கத்துவ அட்டை உண்டு; கலைஞர் தொழிலாளி என்று ஓர் அரசு எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது.

கொழும்பு எப்ப மாறும் எண்டு எங்களுக்குத் தெரியாது. உப்புவெளி மாற ஒரு வட்ஸ்அப் குழு போதும்.

நாங்கள் எங்களுக்கு விதித்துக்கொண்டவை

ஒன்று: காசு இல்லாமல் எந்தக் கலைஞரையும் எங்கட மேடைக்குக் கூப்பிடமாட்டோம். பட்ஜெட் போதாவிட்டால் பனரை வெட்டுவோம், வீடியோவை வெட்டுவோம், பிறகு நிகழ்ச்சியையே சின்னதாக்குவோம்.

இரண்டு: தொகை, நேரம், ஒத்திகை, போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் முன்கூட்டியே எழுத்தில். அரைவாசி முற்பணம், பந்தல்காரருக்குப் போல.

மூன்று: இரவில் பெண் கலைஞர்களும் பிள்ளைகளும் திரும்பும் வான் செலவு ஏற்பாட்டாளருடையது. அதைத் தாய்தகப்பன்மார் தலையில் போடமாட்டோம்.

நான்கு: வீடியோ ஏற்ற முன் கேட்போம். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஆற்றுகையாளருக்கும் உரிமை உண்டு. "ஃபேஸ்புக்தானே" என்பது பதில் இல்லை.

ஐந்து: கணக்கை நிகழ்ச்சி முடிந்து ஒரு கிழமைக்குள் பொதுவில் போடுவோம். கலைஞர்களுக்குப் போனது எவ்வளவு என்ற வரி முதல் வரியாக இருக்கும்.

காசில்லாமல் ஆட விரும்புகிறவர் ஆடலாம். ஒரு மரண வீட்டுக்கு, ஒரு போராட்டப் பந்தலுக்கு, நண்பனின் பிறந்த நாளுக்குக் கலைஞர்கள் தாமாக வந்து பாடியிருக்கிறார்கள். அது அவர்கள் தருகிற கொடை. கொடையைக் கொடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். விழாக்குழு ஃபோன் எடுத்துக் கேட்டால் அது கொடை இல்லை.

இதற்குப் பிறகும் சிலர் சொல்வார்கள்: இப்படிக் கேட்கத் தொடங்கினால் நிகழ்ச்சிகள் குறையும். குறையட்டும். வருடத்துக்குப் பத்து நிகழ்ச்சி வைத்துப் பத்திலும் பொன்னாடை கொடுப்பதைவிட மூன்று வைத்து மூன்றிலும் காசு கொடுப்பதால்தான் அந்தக் கலைஞர் அடுத்த வருடமும் இந்தத் தொழிலில் இருப்பார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசையும் நடனமும் நாடகமும் படித்துப் பட்டம் எடுத்த எங்கட நண்பர்களுக்கு முன்னால் இப்போது ஒரே வழிதான் இருக்கிறது: ஆசிரியர் நியமனம் வரும்வரை காத்திருப்பது. 2017இல் கிழக்கில் பட்டதாரிகள் தெருவோரக் கொட்டகையில் மாதக்கணக்கில் இருந்ததை மறந்துவிடவில்லை. படிப்பிக்கிறது நல்ல தொழில். ஆனால் ஆடத் தெரிந்த எல்லாரும் ஆடாமல் படிப்பித்துக்கொண்டிருந்தால், அவர்களிடம் படிக்கிற பிள்ளை ஆட்டத்தை எங்கே போய்ப் பார்க்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை தவில்கார அண்ணை வீட்டுக்குத் திரும்பப் போனோம். எங்களுக்குள் சேர்த்து, ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று ஃபோனில் அவரிடமே முன்னர் கேட்டு, அந்தத் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் முதலில் வேண்டாம் என்றார். "நான் பகிடிக்குக் கேட்டனான் தம்பியவை." நாங்கள் பகிடிக்குக் கொண்டுவரவில்லை என்றோம். வாங்கி, எங்களுக்கு முன்னாலேயே எண்ணி, சேர்ட் பொக்கற்றில் வைத்தார். பிறகு உள்ளே பார்த்து "பிள்ளை, நாலு தேத்தண்ணி" என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"சரி, இப்ப கேளுங்கோ."

ஒரு மணித்தியாலம் பேசினது, இரண்டரையாகப் போனது. மேலதிக ஒன்றரைக்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அது அவர் தந்த கொடை, அதை வாங்கிக்கொண்டோம். அவர் சொன்னது அடுத்த பதிவில் வரும்.